முப்பிடாதியின் கட்ஆஃப்

முப்பிடாதி கணக்குப் போட்டால் கம்ப்யூட்டரே எழுந்து வழிவிடும். ஒரகடம் போகிற கம்பெனி பஸ்ஸில், தம்பி தங்கைகளின் பிளஸ் டூ மார்க்கை அவளிடம் நீட்டாத ஆளில்லை. கணிதத்தில் பாதி, இயற்பியலிலும் வேதியியலிலும் கால் கால், கூட்டினால் கட்ஆஃப். எந்தக் காலேஜ் கிடைக்கும் என்று அடுத்த ஸ்டாப்பிங்குக்குள் சொல்லிவிடுவாள். வருடா வருடம் பேப்பரில் வரும் காலேஜ்வாரி கட்ஆஃப் பட்டியலை வெட்டி வைத்திருந்தாள், தான் பிளஸ் டூ முடித்த 2008 தவிர. அந்த வருடம் கிண்டி இன்ஜினியரிங் காலேஜில் சேர ஆசையிருந்தும் கவுன்சிலிங்குக்கு விண்ணப்பமே போடாமல், சங்கரன்கோவிலிலிருந்து வேலைக்கு வந்துவிட்டாள். போட்டிருந்தாலும் கிடைத்திருக்காது என்று நினைத்துக்கொண்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

தன் தம்பிக்கு முப்பிடாதி சொன்ன காலேஜே கிடைத்த சந்தோஷத்தில், லைனில் கூட வேலை பார்க்கும் ஷீபா பஸ்ஸில் ஒரு பழைய தாளை நீட்டினாள்.

"உன் வருசத்து லிஸ்ட்டுக்கா. சர்ச்சுல பழைய பேப்பர் கட்டுல தேடிப் புட்ச்சேன். உன்னுது எவ்ளோ?"

"நூத்தித் தொண்ணூத்தாறே கால்."

முப்பிடாதியின் விரல் கிண்டியில் போய் நின்றது. அங்கே கடைசியாகச் சீட் கிடைத்தவருக்கு அவளைவிட ஒரு மார்க் குறைவு.

"இன்னாக்கா, கெடச்சிருக்குமா?"

"ஏட்டி, கிண்டில நாலு வருசமும் எனக்குன்னு உள்ள பெஞ்சு சும்மால்லா கெடந்திருக்கு!" என்று சிரித்தாள்.

கம்பெனி வாசலில் எல்லாரும் இறங்கிய பிறகும் அவள் விரலை எடுக்கவில்லை.