எனக்கு முட்டி வலி என்றேன்

போன மாதம் நாகல் நகரில் ஒரு டாக்டரிடம் போயிருந்தேன். இடது பக்க அடிவயிற்றில் வலி. கூடவே மலச்சிக்கல் - இந்த வார்த்தையை எழுதவே கை கூசுகிறது, என்ன செய்ய? உடம்புச் சூடு என்று நானே முடிவு கட்டி, வெந்தயத்தை ஊறவைத்து விழுங்கிப் பார்த்தாயிற்று. கேட்கவில்லை.

எங்கள் ஊர் கிளினிக்குகள் தெரியும்தானே? டாக்டர் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த டோக்கன்காரர்கள் அதே அறைக்குள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். நேரம் மிச்சமாம். நாம் சொல்வதெல்லாம் அவர்கள் காதில் விழும். விழாத மாதிரி ஃபேனைப் பார்ப்பார்கள்.

அன்று எனக்கு அடுத்த டோக்கன் யார்? என் மகளுக்குப் பேசி முடித்திருக்கும் மாப்பிள்ளையின் அம்மா! ஒட்டன்சத்திரத்திலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார்.

என்ன செய்கிறது என்று டாக்டர் கேட்டார். சம்பந்தியம்மா எதிரே மலத்தைப் பற்றிப் பேசுவதா...

"முட்டி வலி சார்" என்றேன்.

வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். எழுந்து வரும்போது, சம்பந்தியம்மா தலைவலி என்று சொல்வது காதில் விழுந்தது.

வாங்கியதைச் சும்மா வைத்திருக்கலாம். எந்த வலியானால் என்ன, வலி மாத்திரைதானே என்று வேளை தவறாமல் விழுங்கினேன். வயிறும் கொஞ்சம் அடங்கியது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த வாரக் கடைசியில் பாத்ரூமில் ரத்தம். கொஞ்சநஞ்சம் அல்ல. தலை சுற்றிச் சுவரைப் பிடித்தேன். கணவர் ஆட்டோ வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

ஸ்கேன், குடலைக் கழுவ மருந்து, பிறகு கேமரா வைத்த குழாய். பெருங்குடல் சுவரில் அங்கங்கே சின்னச் சின்னப் பைகளாம். பழைய சைக்கிள் டியூப் புடைக்குமே, அப்படி என்றார் அங்கிருந்த டாக்டர். வயதாக ஆகப் பலருக்கும் வரும், பெரும்பாலும் தொந்தரவு செய்யாது. என்னுடையதில் ஒன்று கசிந்திருக்கிறது. கிளிப் போட்டு நிறுத்தினார். புற்றுநோய் இல்லை என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

வலி மாத்திரை எதுவும் சாப்பிட்டீர்களா என்று கேட்டார். சொன்னேன். இந்தக் குடலுக்கு அது ஆகாது, ரத்தக் கசிவைக் கிளப்பிவிடும் என்றார்.

"ஒனக்கு எப்பம்மா முட்டி வலிச்சுச்சு?" என்றாள் பக்கத்தில் நின்ற மகள்.

மானம் போகுமே என்று பொய் சொன்னவளுக்கு உயிரே போகப் பார்த்தது. அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

இனி கீரை, காய், பழம், நிறையத் தண்ணீர். நார்ச்சத்தை மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும்.

சம்பந்தியம்மா ஆயக்குடிக் கொய்யாவோடு பார்க்க வந்தார். வார்டு முழுக்க ஆட்கள். முட்டி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

"முட்டி இல்லைங்க, குடலு. மலத்துல ரத்தம் போச்சு." கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

அவர் மடியில் இருந்த கொய்யாப் பையைக் கட்டில் ஓரம் வைத்தார். பிறகு என் காதருகே குனிந்தார்.

"ஏனுங்க... அன்னைக்கு எனக்கும் தலைவலி இல்லீங்க."

வியாழக்கிழமை அவரை டாக்டரிடம் நான்தான் கூட்டிப் போகிறேன். பெஞ்சுக்காரர்களை வெளியே அனுப்பும் வேலை என்னுடையது.