கை எட்டும் தூரத்துக் கீறல்

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்ததும் பொற்கொடி தண்ணீர் டம்ளரை எடுத்து வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்க்கிறார். எங்காவது நசுங்கியிருந்தால் கட்டைவிரல் தானாக அங்கே போய் நிற்கிறது. பக்கத்து இலைக்காரர் பயந்து தன் டம்ளரையும் உற்றுப் பார்க்கிறார். “அழுக்கெல்லாம் இல்லைங்க, சும்மா பாத்தேன்” என்று பொற்கொடியே சமாதானம் சொல்கிறார்.

ஓசூர் சிப்காட்டில் கார்களுக்குக் கதவு செய்யும் கம்பெனியில், பெயின்ட் அடித்து வரும் தகடுகளில் குறை பார்க்கும் வேலை. பத்தொன்பது வருடமாகிறது. கல்யாணமாகி அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து வந்தவர். பேச்சில் அந்த ஊர் இன்னும் இருக்கிறது. ஷிப்ட் பஸ்ஸில் பிடித்துக்கொண்ட கன்னடமும் தெலுங்கும் கூடச் சேர்ந்துகொண்டன. புதிதாக வரும் பெண்களுக்கு அவர் சொல்லிக்கொடுப்பது இவ்வளவுதான்: “கை எட்டுற தூரத்துல நில்லு. மூணு எண்ணு. தெரிஞ்சா கீறல். தெரியலைன்னா பேசாம அடுத்ததுக்குப் போ.”

போன வருடம் பதவி உயர்ந்தது. சூளகிரி, கெலமங்கலம், கிருஷ்ணகிரி என்று உதிரிபாகப் பட்டறைகளுக்குப் போய்வர ஒரு கார் தேவைப்பட்டது. கணவர் மாடசாமிக்கு உயரமான எலெக்ட்ரிக் எஸ்.யூ.வி. ஒன்றின் மேல் ஆசை. விலைக்கு வாங்கினால் பேட்டரி கதை என்னாகுமோ, மூன்று வருட லீஸுக்கு எடுக்கலாம் என்றார் பொற்கொடி. இருபத்திரண்டு பக்க ஒப்பந்தத்தை வாங்கிவந்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்தார். பதினோராம் பக்கத்தில் நின்றுவிட்டார். வண்டியைத் திருப்பித் தரும்போது நியாயமான தேய்மானம் போக மற்ற சேதத்துக்குப் பணம் பிடிப்பார்களாம். எது நியாயம் என்பதில் நிறுவனத்தின் முடிவே இறுதியாம். அவரோடு வேலை பார்க்கும் விஜயகுமார் வேறொரு லீஸ் வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது, இதே மாதிரி ஒரு வரியைக் காட்டி எழுபதாயிரம் பிடித்திருந்தார்கள்.

பாகலூர் சாலை ஷோரூமுக்கு அவர்களோடு மாடி வீட்டுக்காரனான நானும் போனேன். லீஸ் கம்பெனி மேலாளர் சௌந்தரராஜன் எல்லாவற்றையும் மாடசாமியின் முகத்தைப் பார்த்தே விளக்கினார். பதினோராம் பக்கத்தை யாரும் படிப்பதேயில்லை என்று சிரித்தார்.

“நான் படிச்சிட்டேன் சார்” என்றார் பொற்கொடி.

எது நியாயமான தேய்மானம் என்று கேட்டார். மேலாளர் அதே வரியை மறுபடி வாசித்துக் காட்டினார். பொற்கொடி எழுந்து, அன்று காலைதான் லாரியிலிருந்து இறக்கி நிறுத்தியிருந்த புது வண்டியிடம் போனார். உள்ளங்கையைக் கதவின் மேல் மெல்ல ஓட்டினார். பையிலிருந்து, வேலையில் குறையைக் காட்ட ஒட்டும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர்களை எடுத்து ஒவ்வொன்றாக ஒட்டினார். துணி போட்டுத் துடைத்த தடம், லாரியில் கட்டிய பெல்ட் உரசிய கோடு என்று ஏழு இடம். ஷோரூமே திரும்பிப் பார்த்தது.

“இன்னும் ரோட்டையே பாக்காத வண்டி. இதை இப்படியே திருப்பிக் குடுத்தா எவ்வளவு பிடிப்பீக?”

சௌந்தரராஜன் குனிந்து பார்த்தார். ஏழையும் பார்த்தார். நியாயம்தான், ஆனால் பேப்பரில் ஓர் எழுத்தை மாற்றவும் தனக்கு அதிகாரமில்லை என்றார். பொற்கொடி சண்டை போடவில்லை. உள்ளங்கை அகலத் தகடு ஒன்றை மேசைமேல் வைத்தார். வீட்டில் அவரே பெயின்ட் அடித்துக் கீறிய தகடு. சிறியதிலிருந்து பெரியதாக நான்கு கீறல்கள், பக்கத்தில் எண்கள்.

“மூணாவது வரைக்கும் ஒங்க பொறுப்பு. நாலாவதுல இருந்து எங்க பொறுப்பு. அதிகாரம் உள்ளவங்ககிட்ட கேட்டுச் சொல்லுங்க.”

அறிமுகச் சலுகையாகச் சொன்ன குறைந்த வாடகை மாதக் கடைசியோடு முடிகிறது. ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. போனால் போகிறது, கையெழுத்துப் போட்டுவிடு என்றார் மாடசாமி. “மனுசன் ஆசைப்பட்டுக் கேட்டது. நான் கெடுத்துட்டேனோ” என்று படிக்கட்டில் என்னிடம் மட்டும் சொன்னார் பொற்கொடி. ஆனாலும் போன் செய்யவில்லை.

இருபத்தொன்பதாம் தேதி ஷோரூமிலிருந்தே கூப்பிட்டார்கள். மூவரும் போனோம். மேலாளர் எங்கள் முன்னாலேயே பெங்களூர் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அந்தப் பக்கத்து ஆள் கன்னடத்தில், ஃபேக்டரிப் பொம்பளைதானே, எதையாவது சொல்லிக் கையெழுத்து வாங்கு என்றார். சௌந்தரராஜனின் கை ஸ்பீக்கரை அணைக்கப் போனது. அதற்குள் பொற்கொடி போனுக்கு நேராகக் குனிந்து அதே கன்னடத்தில் நிதானமாகப் பேசினார்: தனக்கு வேண்டியது ஒரே ஒரு வரி, அதை எழுதிக்கொடுத்தால் இப்போதே கையெழுத்து.

அந்தப் பக்கத்துக் குரல், தகட்டைப் படமெடுத்து அனுப்பச் சொன்னது.

ஒன்றரை மணி நேரம் கழித்துப் பிரின்டரிலிருந்து இணைப்புத் தாள் ஒன்று வந்தது. நான்கு கீறல்களின் படம், பக்கத்தில் நீளம் மில்லிமீட்டரில், கீழே கம்பெனி முத்திரை. வண்டி எவ்வளவு ஓடலாம் என்ற கிலோமீட்டர் வரம்பையும் மாதக் கணக்கிலிருந்து மூன்று வருட மொத்தக் கணக்குக்கு மாற்றியிருந்தார்கள். அதைப் பொற்கொடி கேட்கவே இல்லை. “நான்தான் சேர்க்கச் சொன்னேன் மேடம்” என்றார் சௌந்தரராஜன். இந்த முறை பொற்கொடியின் முகத்தைப் பார்த்தே சொன்னார். மாடசாமி வாயெல்லாம் பல்லாக என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

வண்டி எடுத்த அன்று அதற்கு மாலை போட்டார்கள், படம் பிடித்தார்கள். மாடசாமி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஓட்ட வரவேண்டிய மனைவிக்காகக் காத்திருந்தார். பொற்கொடி சாவியோடு வாசல்வரை வந்தவர் நின்றார். ஓர மேசையில் ஓர் இளம் தம்பதி, முன்னால் அதே இருபத்திரண்டு பக்கம், பையன் பேனா மூடியைத் திறந்துகொண்டிருந்தான். பொற்கொடி திரும்பி நடந்தார். அவர்களுடைய தாள்களைப் புரட்டி, பதினோராம் பக்கத்தில் விரலை வைத்தார்.