சனி முழுக்கும் இரண்டாம் காய்ச்சலும்

என் மச்சாளுக்கு, அதாவது என் கணவரின் அக்காவுக்கு, அவர் தம்பிக்கு வருகிற நோய் வருத்தமெல்லாம் என் கையால்தான் வருகிறது என்ற எண்ணம். டென்மார்க்கில் அவர் இருப்பது கோல்டிங்கில், நாங்கள் இக்காஸ்டில். ஆனாலும் தொலைபேசி இருக்கிறதே.

அந்தக் கோடையில் போர்ன்ஹோல்ம் தீவுக்குப் போயிருந்தோம். காட்டோரப் புல்லில் பாயை விரித்துப் புட்டும் முட்டைப் பொரியலும் சாப்பிட்டோம். எழும்பும்போது இவருடைய முழங்காலுக்குப் பின்னால் ஓர் உண்ணி. நகத்தால் கிள்ளி எறிந்துவிட்டு, "எங்கட ஊர் நாய் உண்ணியிலயும் சின்னன். இதுக்குப் போய் முகத்தைச் சுழிக்கிறீர்" என்று சிரித்தார். நானும் அதோடு மறந்துபோனேன்.

வீடு திரும்பிய அடுத்த வாரம் காய்ச்சல், உடம்பு வலி. மல்லித் தண்ணி அவித்துக் கொடுத்தேன். காய்ச்சல் விட்டது. எங்கள் வீட்டில் தலைக்கு வார்த்தால்தான் ஆள் தேறிவிட்டார் என்று அர்த்தம். ஆண்களுக்குச் சனி முழுக்கு என்பதால் சனிக்கிழமை வரை பொறுத்திருந்து, நல்லெண்ணெய் தேய்த்து, குளியலறையில் ஸ்டூலில் இருத்தி வார்த்துவிட்டேன். அன்று மத்தியானம் ஆட்டுக்கறியும் சோறும் ஒரு பிடி பிடித்தார். திங்கட்கிழமை வேலைக்கும் போனார்.

அந்த வாரம் முடிவதற்குள் மறுபடியும் காய்ச்சல். இந்த முறை தாங்க முடியாத தலையிடி, கழுத்து மடங்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் தண்ணீர் பருக்கிய என்னைப் பார்த்து, தாதியிடம் சொல்வதுபோல டேனிஷில் நன்றி சொன்னார். இத்தனை வருஷம் என்னோடு சண்டை பிடித்த மனுசன் எனக்குத் திரும்பக் கிடைக்காமலே போய்விடுவாரோ என்று பயந்தேன்.

மச்சாள் போனில் என்னை விடவில்லை. "காய்ச்சல் விட்ட கையோட ஆரும் தலைக்கு வாப்பினமோ? தண்ணி மண்டைக்குள்ள இறங்கிட்டுது. எல்லாம் உம்மாலதான்."

நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். தண்ணீர் மண்டைக்குள் இறங்காது என்று தெரியும். தெரிந்தும் அந்தப் பேச்சு முள்ளாகக் குத்தியது.

இளம் டாக்டர் ஒருத்தி வந்து, இதற்கு முன்பும் காய்ச்சல் இருந்ததா, நடுவில் நன்றாகச் சுகப்பட்டாரா என்று கேட்டாள். எனக்கு எரிச்சல். "சனிக்கிழமை நல்ல சுகம். இல்லையென்றால் நான் தலைக்கு வார்த்திருப்பேனா?" என்று டேனிஷில் வெடித்தேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரு காய்ச்சல், நடுவில் நல்ல நாட்கள், பிறகு இன்னொரு காய்ச்சல் என்று அடுக்கிப் பார்த்தாள். காட்டுப் பக்கம் போனீர்களா என்று கேட்டாள். அப்போதுதான் உண்ணி நினைவுக்கு வந்தது.

முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். அவள் நினைத்தது சரியாக இருந்தது. உண்ணி கடித்து ஏறிய வைரஸ் மூளை வரை போயிருக்கிறது. அதைக் கொல்ல மருந்தில்லை. ஆனால் மூளை சும்மா இருக்கவில்லை என்றாள். அங்கேயே காவலிருக்கிற உயிரணுக்கள் வைரஸைக் கண்டதும் எழும்பிவிடுமாம். தொற்று வந்த அணுக்கள் இன்டர்ஃபெரோன் என்ற ஒன்றைச் சுரந்து அக்கம்பக்கத்தை எச்சரிக்க, மற்றவை வைரஸ் பெருக முடியாதபடி தங்களைப் பூட்டிக்கொள்ளுமாம். தலையிடியில் ஒரு பங்கு இந்தச் சண்டையால்தான். அது அளவு மீறினாலும் ஆபத்து, அதனால் பக்கத்திலிருந்து கவனிப்போம் என்றாள்.

"அப்போ குளிப்பாட்டியதால் இல்லையா?"

"இல்லவே இல்லை. அந்தக் குளிப்பைச் சொன்னதால்தான் எனக்கு வழி தெரிந்தது. உண்ணிக் காய்ச்சல் இப்படித்தான் நடுவில் விட்டு மறுபடி வரும்."

அந்தப் பிள்ளையைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. உடனே மச்சாளுக்குப் போன் எடுத்தேன். குரலைக் கொஞ்சம் உயர்த்தித்தான் சொன்னேன்.

காய்ச்சல் மெல்ல இறங்கியது. ஒரு காலை, தட்டிலிருந்த டேனிஷ் கறுப்புப் பாண் ரொட்டியைப் பார்த்து, "இஞ்சரும், இதைத் திண்டு ஆருக்குச் சுகம் வரும்? புட்டு அவிச்சுக்கொண்டு வரேலாதோ?" என்றார். நான் நடைக்கூடத்துக்கு ஓடிப்போய் விக்கி விக்கி அழுதேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் சீக்கிரம் களைத்துவிடுவார். சில சொற்களுக்குத் தடுமாறுவார். ஒரு சனிக்கிழமை எண்ணெய்ப் போத்தலோடு தானே ஸ்டூலில் போய் இருந்தார். மச்சாளின் பேச்சை நினைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீர்? ஊத்துமன்" என்றார். அந்நேரம் பார்த்து மச்சாளின் போன். எண்ணெய்க் கையாலேயே அதை வாங்கினார்.

"அக்கா, பிறகு எடுக்கிறன். மனுசி எனக்குத் தலைக்கு வாக்கிறா."