மன்னியின் பரங்கிக்காய் சூப்

எங்கள் மன்னி இல்லாமல் ஒரு வருஷம் ஓடிவிட்டது. இந்த நினைவு மலரில் நீதான் எழுத வேண்டும் என்று அண்ணா சொன்னபோது, என்னால் ஆகாது என்று நழுவப் பார்த்தேன். அண்ணா விடவில்லை.

மன்னி பிறந்தது ஹைத்தி நாட்டில், ஜாக்மெல் என்ற கடற்கரை ஊரில். கப்பலில் எஞ்சினியராக இருந்த அண்ணாவை வயிற்றுவலிக்காக அந்த நாட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மன்னி அங்கே நர்ஸ். வயிற்றுவலி கல்யாணத்தில் முடிந்தது. கொச்சியில் எங்கள் மட்டாஞ்சேரிக்கு வந்த புதிதில் தெருவில் எல்லோரும் ஆப்பிரிக்காவா என்று கேட்பார்கள். "அல்ல சேட்டா, ஹைத்தி" என்று நின்று விளக்குவார். பால் வாங்கப் போனால் திரும்பிவர அரைமணி ஆகும்.

வந்த வருஷமே ஜனவரி ஒன்றாம் தேதி பரங்கிக்காய் சூப் வைத்தார். அவர்கள் ஊரில் அதில் மாட்டிறைச்சி உண்டு. எங்களுக்காக அதை விட்டுவிட்டு, கிழங்கும் முட்டைக்கோஸும் போட்டார். விருந்தாளிகள் உட்கார்ந்தாயிற்று. மன்னி கரண்டியைப் பிடித்தபடி பரிமாறாமல் நின்றார். "அம்மா, இன்னிக்கு மட்டும் ஞான் முதல்ல சாப்பிடணும்."

மருமகள் கடைசியில் சாப்பிடும் வீடு எங்களுடையது. அம்மாவின் முகம் மாறிவிட்டது. மன்னி தமிழும் மலையாளமுமாகச் சொன்னார்: அவருடைய முன்னோர்களை ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவந்து அடிமைகளாக வைத்திருந்தார்கள். பிரெஞ்சு எஜமானர்களுக்கு இந்த சூப்பைச் சமைத்துப் போட்டவர்கள் அவர்கள்தான். ஒரு வாய் சாப்பிட அனுமதியில்லை. சண்டை போட்டு எஜமானர்களை விரட்டி, ஆயிரத்து எண்ணூற்று நான்கு ஜனவரி ஒன்றாம் தேதி தனி நாடானார்கள். அதிலிருந்து அந்தத் தேதியில் ஹைத்தியில் வீட்டுக்கு வீடு இந்த சூப். மன்னியின் பிறந்த வீட்டில், சமைத்தவர் சாப்பிட்ட பிறகே மற்றவர்களுக்கு.

அம்மா கரண்டியை வாங்கிக்கொண்டு, "நீ உக்காந்துக்கோ. நான் வெளம்பறேன்" என்றார். அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் முதல் கிண்ணம் மன்னிக்குத்தான். ஹைத்தியில் நடந்த பூகம்பத்தில் மன்னி தாயாரையும் தங்கையையும் பறிகொடுத்தார். கடைசியாக முகம் பார்க்கக்கூட முடியவில்லை. அடுத்த ஜனவரியிலும் சூப் வைத்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டே சாப்பிட்டார்.

அம்மா போன பிறகு கரண்டி என் கைக்கு வந்தது. போன வருஷம் ஜனவரி ஒன்றாம் தேதி மன்னிக்கு வியாதி முற்றியிருந்தது. வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னோம். நாற்காலியைப் போட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து சமைத்தார். இறக்கி வைத்ததும், "கொஞ்சம் படுத்துக்கறேன்" என்று உள்ளே போனார். திருப்பூணித்துறை சொந்தக்காரர்கள் ஒரு வண்டி நிறைய வந்து இறங்கினார்கள். மன்னி தூங்கட்டும், எழுந்ததும் சூடாகக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று எல்லோரையும் உபசாரம் செய்தேன். எனக்கும் ஊற்றிக்கொண்டேன். பாத்திரம் காலியாகிவிட்டது.

சாயங்காலம் மன்னி எழுந்து, "எனக்கு இருக்கோ?" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. "நாளைக்குப் பண்ணித் தரேன், மன்னி" என்றேன்.

"சாரமில்லை, போகட்டும். நன்னா வந்திருந்ததா?"

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அதற்குப் பிறகு குழாய் வழியாகத்தான் ஆகாரம். மன்னி வீடு திரும்பவில்லை.

ராப்பகலாகப் பார்த்துக்கொண்ட நர்ஸ்மார்களுக்கும், கூப்பிட்ட நேரத்துக்கு வண்டி எடுத்த பக்கத்து வீட்டாருக்கும், காரியங்களை முடித்துக் கொடுத்தவர்களுக்கும் எங்கள் நன்றி. அன்றைக்கு எங்கள் வீட்டில் சாப்பிட்டவர்கள் இதைப் படித்து வருத்தப்பட வேண்டாம். உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.