ஒட்டுத் தெரியாத வண்டி

பாவாடை என்ற பெயரைக் கேட்டுச் சிரிக்கிறவன் எங்கள் பக்கத்துக்காரனாக இருக்க மாட்டான். பாவாடைராயன் எங்களுக்குக் காவல் சாமி. வீட்டுக்கு ஒரு பிள்ளைக்கு அந்தப் பெயரை வைப்பார்கள். நான் சொல்ல வந்த பாவாடை, கள்ளக்குறிச்சியில் சங்கராபுரம் ரோட்டில் லேத்துப் பட்டறை வைத்திருந்தவன். பக்கத்துக் கொட்டகையில் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த நாராயணசாமி நான். அவன் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவன் பங்கையும் சேர்த்து நான் பேசுவேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது அவன்.

இரும்பு என்றால் அவனுக்குப் பைத்தியம். கடைந்த சாமான் லேத்திலிருந்து இறங்கியதும் கொடுத்துவிட மாட்டான். அரம் போடுவான், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பான், விரலால் தடவிப் பார்ப்பான், மறுபடியும் தேய்ப்பான். வெல்ல ஆலைக்குத் தண்டு கேட்டு வந்த பச்சமுத்து ஒருமுறை தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்பா, சக்கையில கெடக்கப் போற சாமானுக்கு எதுக்குப்பா இந்த அலங்காரம்? வெட்டுன கரும்பு காஞ்சிக்கினு கெடக்குது, குடுப்பா!" பாவாடை காதில் வாங்கவே இல்லை. அன்று சாயங்காலம்தான் தண்டைக் கொடுத்தான்.

எண்பத்து மூன்றில் ஒரு ஜீப்பைச் சரிபார்க்க வெள்ளிமலைக்குப் போனான். அங்கே மாதன் என்கிற விவசாயியின் பலாமரத்தடியில், வெள்ளைக்காரன் காலத்து மோட்டார் சைக்கிள் ஒன்று கிடந்தது. எந்தக் காண்ட்ராக்டர் எப்போது போட்டுவிட்டுப் போனாரோ, ஹெட்லைட் கூட்டுக்குள் கோழி முட்டை வைத்திருந்தது. "எடுத்துக்கினு போப்பா, கோழிக்கு வேற எடம் பாத்துக்கறோம்" என்றார் மாதன். நாலு ஏர்க்கொழுவும் ஒரு கடப்பாரையும் அடித்துக் கொடுத்துவிட்டு, சாமை மூட்டைகளுக்கு நடுவே அதை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

அந்த வண்டிக்குச் சாமான் எந்தக் கடையிலும் கிடைக்காது. கிக்கர் தண்டு, கிளட்ச் கூடு, சக்கரத்தின் அச்சு, எல்லாவற்றையும் அவனே கடைந்தான். தார் பீப்பாய்த் தகட்டைத் தட்டித் தட்டி மட்காடு செய்தான். பெட்ரோல் டேங்கின் மூடியைப் பித்தளையில் கடைந்து, முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்தான். மூன்று வருஷம் ஆனது. வண்டி முதன்முதலாகப் படபடவென்று உயிர் பிடித்த அன்று தெருவே கூடிவிட்டது. அவன் கண் கலங்கி நின்றான். நான் கிண்டல் பண்ணினேன், வேறு என்ன செய்வேன்.

அவன் மனைவி கொளஞ்சியம்மாளுக்கு இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிப் போயிருந்தது. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் குழந்தை இல்லை. போகாத கோயில் இல்லை. எண்பத்தேழு மாசியில் அவள் முழுகாமல் இருப்பது தெரிந்தது. பாவாடை அன்று என் கொட்டகைக்கு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

பஸ் படி ஏற அவளால் முடியாது. வண்டியின் பின்சீட்டில் உட்காரவும் முடியாது. அதனால் அவளுக்கென்று வண்டியின் இடப்பக்கம் மாட்ட, சைடுகார் என்பார்களே, அப்படி ஒரு தொட்டி செய்தான், சக்கரம் வைத்து, மெத்தை தைத்து. பட்டாளத்து வண்டிகளில் இருக்கிற மாதிரி நாலு இடத்தில் போல்ட் போட்டு மாட்டினான். வேண்டும்போது மாட்டலாம், வேண்டாதபோது கழற்றலாம். நான் வாயை மூடிக்கொண்டு பெயிண்ட் அடித்திருக்கலாம். நாக்கில் சனி.

"இன்னாடா இது, பட்டுப்பொடவையில ஊக்கு குத்துன மாதிரி போல்ட்டு துருத்திக்கினு நிக்குது? இதுல நான் எங்க லைன் இழுக்கறது?" என்றேன்.

மறுநாள் போய்ப் பார்த்தால் போல்ட் எல்லாம் போய்விட்டது. குழாய்க்குள்ளே கெட்டியான இரும்புத் தண்டு கொடுத்து, நாலு மூட்டுகளையும் வெல்டு வைத்துவிட்டான். நாலு நாள் அரம் போட்டான். பிறகு என்னைக் கூப்பிட்டு, "எங்க ஒட்டு, சொல்லு பாப்பம்" என்றான். கண்ணுக்கும் தெரியவில்லை, கைக்கும் தெரியவில்லை. வண்டியும் தொட்டியும் ஒரே வார்ப்பாக இருந்தன. மெரூன் கலரில் மூன்று கோட்டு அடித்து, பொன் கலரில் லைன் இழுத்தேன். என் வாழ்நாளில் அதைவிட நல்ல வேலை நான் செய்ததில்லை. "எதுக்குங்க இவ்ளோ ஜாஸ்தி? நான் இன்னா கலெக்டர் பொண்டாட்டியா?" என்று சிரித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தாள் கொளஞ்சி. வளைகாப்பு முடிந்து, கச்சிராயபாளையத்துக்கு அந்தாண்டை அணைப் பக்கம் இருந்த தாய்வீட்டுக்கு அதிலேயே போனாள்.

அந்த வருஷம் செப்டம்பரில் எங்கள் சனத்துக்கு இருபது சதவீத இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வார சாலை மறியல். என் தம்பி நன்றாகப் படித்தவன், மூன்று தடவை பரீட்சை எழுதியும் வேலை கிடைக்காமல் கரும்பு வெட்டப் போனான். எனக்குக் கோபம் இருந்தது. அது நியாயமான கோபம், இன்றைக்கும் மறுக்க மாட்டேன். பாவாடை மறியலுக்கு வரவில்லை. "ஒரு வாரம் ரோடு இருக்காது, நான் அவகூட இருக்கறேன்" என்று முதல் நாளே மாமியார் வீட்டுக்குப் போய்விட்டான். குழந்தைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

கச்சிராயபாளையம் ரோட்டில் ஒரு பெரிய புளியமரத்தை வெட்டிச் சாய்த்தோம். கோடாரி பிடித்தவர்களில் நானும் ஒருவன். ஆள் நடக்க, சைக்கிள் உருட்ட, இரண்டு கிளைகளுக்கு நடுவே ஒரு சந்து விட்டிருந்தோம். அவசரம் என்று வந்த ஒரு புல்லட்டைக்கூட அதில் உருட்டி அனுப்பினோம். ரோட்டின் இரு பக்கமும் வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து ஓடியது.

மூன்றாம் நாள் காலையில் தூரத்தில் படபடவென்று சத்தம் கேட்டது. எனக்கு அந்தச் சத்தம் தெரியும்.

கொளஞ்சி தொட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா பின்சீட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். "பனிக்கொடம் ஒடஞ்சி ரெண்டு மணி நேரம் ஆவுது நாராயணா, வழி வுடச் சொல்லு" என்றான் பாவாடை.

யாரும் மறுக்கவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். அத்தனை பேரும் ஓடி வந்தார்கள். பதினைந்து பேர் சேர்ந்து வண்டியைத் தூக்கினோம். அடிமரம் மார்பளவு இருந்தது, அதற்கு மேல் கிளைகள். தொட்டி கிளையில் மாட்டிக்கொண்டு நகரவே இல்லை. கோடாரிகளை வேறு ரோட்டுக்கு எடுத்துப் போயிருந்தார்கள். கையில் இருந்தவை இரண்டு அரிவாள்தான்.

"தொட்டியக் கழட்டுப்பா!" என்று ஒருவன் கத்தினான். "வண்டிய சந்துல உருட்டிக்கலாம், தொட்டிய மேலால தூக்கிக் குடுக்கறோம், அந்தாண்ட போயி மாட்டிக்க!"

நல்ல யோசனை. பாவாடை என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வண்டியிலிருந்து இரும்பு அறுக்கும் ரம்பத்தை எடுத்துக்கொண்டு மண்டி போட்டான். தண்டு இல்லாத இடமாகப் பார்த்து அறுக்க, முதலில் மூட்டு எங்கே இருக்கிறது என்று தெரியவேண்டும் அல்லவா? விரலால் தடவினான். நகத்தால் என் பெயிண்டைச் சுரண்டினான். தெரியவில்லை. அவன் செய்த மூட்டு அவனுக்கே தெரியவில்லை! குத்துமதிப்பாக ஓர் இடத்தில் அறுத்தான். உள்ளே கெட்டித் தண்டு. பிளேடு முறிந்தது. இன்னொரு பிளேடு போட்டான், அதுவும் முறிந்தது.

"அத வுடுங்க" என்றாள் கொளஞ்சி, வலிக்கு நடுவே. "என்னைத் தூக்கிக்கினு போங்க."

அரை மணி நேரம் போயிருந்தது. பக்கத்துக் கொல்லையிலிருந்து ஒரு கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவந்து அவளைக் கிடத்தினோம். ஆஸ்பத்திரிக்கு ஒன்பது கிலோமீட்டர். ஆள் மாற்றி ஆள் தூக்கினார்கள். நான் மட்டும் மாறவில்லை, மாறச் சொன்னவர்களைத் திட்டினேன். வழியில் இன்னும் மூன்று மரங்கள் கிடந்தன. பாவாடை அவள் கையைப் பிடித்துக்கொண்டே ஓடி வந்தான்.

ஆண் குழந்தை. உயிர் இல்லை. "ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா" என்று ஆரம்பித்த டாக்டரம்மா, எங்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கொளஞ்சி பிழைத்தாள். அதற்குப் பிறகு அவர்களுக்குக் குழந்தை இல்லை.

வண்டியை அவன் திரும்பிப் பார்க்கவில்லை. மறியல் முடிந்து நான்தான் கொண்டுவந்தேன். சேலத்துக்காரர் ஒருவர் கேட்டபோது அப்படியே ஓட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டான்.

ஒரு மாதம் கழித்து எனக்குத் தாங்கவில்லை. பட்டறைக்குப் போய், "அந்த மரத்த வெட்னவங்கள்ல நானும் ஒருத்தன்டா" என்றேன்.

"தெரியும். கட்டில் தூக்கும்போது பாத்தேன், உங் கையில கொப்புளம் இருந்திச்சி."

"வெல்டு வெக்க வெச்சதும் நாந்தான்டா."

"நீ கிண்டல்தான பண்ண. வெச்சது நானு" என்று சொல்லிவிட்டு லேத்தைப் போட்டான்.

இரண்டு வருஷத்தில் இட ஒதுக்கீடு வந்தது. தொண்ணூற்று ஐந்தில் என் மகன் தீனதயாளனுக்கு அந்த ஒதுக்கீட்டில் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. பாவாடை வீட்டுக்கு இனிப்பு கொண்டுபோகக் கால் வரவில்லை. போகாமல் இருந்தால் அது இன்னும் அசிங்கம். மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போனேன். கொளஞ்சி என்ன படிப்பு, எத்தனை வருஷம், ஹாஸ்டல் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். உண்மையாகவே அவளுக்குச் சந்தோஷம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நல்லா இருக்கட்டும்ணா" என்றாள். "எங்களுது இருந்திருந்தா மூணாவது படிச்சிக்கினு இருப்பான். அன்னிக்கி ரோட்ல குந்திக்கினு எம் புள்ளைக்கும் சேத்துத்தான கேட்டீங்க?"

குத்தலாகச் சொல்லவில்லை. அவளுக்குக் குத்திப் பேசத் தெரியாது. பாவாடை எழுந்து வந்து, அவள் கையிலிருந்த இனிப்பில் கொஞ்சம் பிட்டு அவள் வாயில் வைத்தான்.