எது நல்ல வண்டி என்று கேட்டார்

என் அக்கா புருஷன் கன்னியப்பன் பதினாலு வருஷம் ஒரே காரை ஓட்டியவர். வாலாஜாபாத் அரிசி ஆலை முதலாளி ஏகாம்பரநாதனுடைய பழைய பென்ஸ் அது. ஓட்டும்போது மாமாவின் கண் ரோட்டில் இருந்தால் காது பின்சீட்டில் இருக்கும். பேப்பர் புரட்டும் சத்தம் நின்றால் முதலாளி தூங்கிவிட்டார் என்று அர்த்தம்; உடனே வேகத்தைக் குறைத்துவிடுவார். எங்கள் மண்ணூரில் அவருக்குப் பெயரே பென்ஸ்காரர்தான்.

தொண்ணூற்றொன்றில் முதலாளி மகன் ஜெகதீஷ் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிவந்தார். ரெண்டே சீட்டு, கூரை கிடையாது, உடம்பெல்லாம் ஃபைபர். நாலு பேர் கைவைத்தால் பின்பக்கத்தைத் தூக்கி நகர்த்திவிடலாம். பழசை விற்றுவிட்டு இதை மட்டும் வைத்துக்கொள்வோம் என்று அப்பாவிடம் ஒற்றைக்காலில் நின்றார். இதை அவரே ஓட்டிக்கொள்வார், டிரைவர் எதற்கு? சேதி கேட்ட நாளிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. நாற்பத்தாறு வயதில் மாமாவை யார் புதிதாக வேலைக்குச் சேர்ப்பார்கள்?

முதலாளியே ஒரு வழி சொன்னார். "கன்னியப்பன் ரெண்டையும் ஓட்டிப் பாக்கட்டும். அவன் எத நல்ல வண்டின்னு சொல்றானோ, அதான் வூட்ல நிக்கும்." எங்களுக்குப் போன உயிர் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு ரெண்டு கார்களும் வந்தன. நான் அங்கேதான் டயர் மாற்றும் வேலையில் இருந்தேன். மாமாவை ஓரமாக இழுத்துப் போனேன்.

"மாமா, பெரிய வண்டிதான்னு ஒரே வார்த்த சொல்லு. வேற இன்னாவும் பேசாத."

"சரி மச்சான்."

பென்ஸில் ஒரு சுற்று வந்தார். வளைவுக்கு வளைவு அது தயங்கித் தயங்கிச் சாய்ந்தது. அடுத்து சின்ன வண்டி, பக்கத்தில் முதலாளி. முதல் சுற்று ஒழுங்காகத்தான் போனது. ரெண்டாவதில் என்ன ஆனதோ, மனுஷன் பறந்தார்! வண்டி நின்றதும் குதித்து இறங்கி, பின்பக்கம் சுற்றி ஓடிவந்து, பழக்கதோஷத்தில் முதலாளிக்குப் பின்கதவைத் திறக்கக் கையை நீட்டினார். அங்கே ஏது பின்கதவு? ஜெகதீஷ் விழுந்து விழுந்து சிரித்தார். முன்சீட்டில் மாட்டிக்கொண்டிருந்த முதலாளியை நாங்கள்தான் கைகொடுத்துத் தூக்கிவிட்டோம்.

"சொல்லுடா கன்னியப்பா, எது நல்ல வண்டி?" என்று கேட்டார் முதலாளி.

மாமா என் பக்கம் பார்த்தார். நான் கண்ஜாடை காட்டினேன்.

"சின்ன வண்டிதாங்க," என்றார். "நெனச்ச ஒடனே திரும்புதுங்க. ரோட்ல ஒரு கல்லு கீதுன்னா உக்காந்த எடத்துல தெரியுது. இத்தினி வருசமா மெத்த மேல உக்காந்து ஓட்டிக்கினு இருந்திருக்கேன்."

அடப்பாவி மனுஷா! நாக்கில் சனியா உட்கார்ந்திருந்தது? எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த ஸ்பேனரை மண்ணில் எறிந்தேன். ஜெகதீஷ் மாமாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். முதலாளி நடந்துபோய் பென்ஸின் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

பத்தே நாளில் பென்ஸ் கைமாறியது. கடைசியாகக் கார் ஷெட் சாவியைக் கொடுக்க முதலாளி வீட்டுக்குப் போன மாமாவோடு நானும் போனேன். பஸ்ஸில் திட்டித் தீர்த்தேன்.

"கேட்டது வண்டியப் பத்தி மச்சான்," என்றார். "தெரிஞ்சத மாத்திச் சொன்னா அப்பறம் நான் இன்னா டிரைவரு?"

ஆனாலும் என் கோபம் தீரவில்லை, அக்கா முகம்தான் கண்முன் நின்றது.

முதலாளி சாவியை வாங்கிக்கொண்டார். உள்ளே மகன் இருக்கிறானா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"பெரிய வண்டின்னு சொல்லுவேன்னுதானடா உன்னக் கேட்டேன்," என்றார், குரலைத் தாழ்த்தி. "பெத்த புள்ளகிட்ட வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. உன் பேச்ச வச்சு பெரிய வண்டிய வூட்லயே நிறுத்திக்கலாம்னு இருந்தேன்."

"எனக்குத் தெரியலீங்களே மொதலாளி," என்றார் மாமா. "நெசமாவே எது நல்ல வண்டின்னு கேக்கறீங்கன்னு நெனச்சிட்டேன்."