சொந்தக் காரணங்களால்

ஒகாஜிமா கினுயே ஜப்பானின் ஹமாடா துறைமுகத்து மீன்விழுது ஆலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தாள். அதில் பதினான்கு ஆண்டுகள் நான் அவளுக்கு அடுத்த இடத்தில் நின்றிருக்கிறேன். அரைத்த மீனைப் பலகையில் வளைவாகப் பூசுவது அவள் வேலை. அதை ஆவிப்பெட்டிக்குள் தள்ளுவது என் வேலை. பிறர் தவறுக்கும் தானே மன்னிப்புக் கேட்டுவிடுவாள். பலர் அதை நல்ல குணம் என்றார்கள். எனக்கு அது பாதி, வாதாடச் சோம்பலாகத்தான் தோன்றும்.

மார்ச் மாதம் மேலாளர் மியோஷி அவளைக் கூப்பிட்டார். அவர் மேசைக்கும் உடைமாற்றும் அறைக்கும் நடுவே மெல்லிய தடுப்புதான். நான் ரப்பர் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"ஒகாஜிமா சான், ரொம்ப நாளா உழைச்சிட்டீங்க. இனி கொஞ்சம் ஓய்வெடுத்துக்கலாமேன்னு நாங்க நினைக்கிறோம்."

"அப்படிங்களா… என்னால உங்களுக்குத்தான் சிரமம்" என்றாள் அவள்.

அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் விலகல் கடிதம் கொடுத்தாள். எங்கள் ஊரில் அதற்கு ஒரே வாசகம்: 'சொந்தக் காரணங்களால்'. கல்யாணமானாலும், சண்டை போட்டாலும், துரத்தப்பட்டாலும் அதையேதான் எழுதுவோம். கடிதத்தில் தேதி போடுவது போல அது. யாரும் அதைப் பொய் என்று நினைப்பதில்லை. கினுயே அதை மூன்று முறை எழுதினாள். முதல் இரண்டில் வரி சாய்ந்துவிட்டதாம்.

பிறகு வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போனாள். அங்கே தொகுரா என்ற அதிகாரி விளக்கினார். தானாக விலகியவருக்கு வேலையிழப்பு உதவித்தொகை முதல் மூன்று மாதம் வராது. பிறகும் ஐந்து மாதம்தான் வரும். கம்பெனி விலகச் சொல்லியிருந்தால் ஒரு வாரத்திலேயே தொடங்கிவிடும்; பதினொரு மாதம் கிடைக்கும். கினுயே தனி ஆள், ஐம்பத்தேழு வயது. மூன்று மாதம் சும்மா இருந்து சாப்பிட அவளிடம் வழியில்லை.

"கம்பெனி சொல்ற காரணத்துக்கு ஆட்சேபம் உண்டா, இல்லையா? ஒண்ணுல வட்டம் போடுங்க" என்று ஒரு படிவத்தாளை நீட்டினார் தொகுரா.

"ஆட்சேபம்னு சொல்ற அளவுக்கு ஒண்ணும் இல்லீங்க. அவர்தான் போகச் சொன்னார்."

"'விலகுங்க'ன்னு சொன்னாரா?"

"ஓய்வெடுக்கச் சொன்னார்."

"அது வேற, இது வேறங்க. கடிதம் உங்க எழுத்துதானே?"

"நல்லா இருக்குங்களா?" என்று பதற்றத்தில் கேட்டுவிட்டாளாம்.

"ரொம்ப நல்லா இருக்கு. அதுதான் கஷ்டம்" என்றாராம் அவர். மேலாளர் பேசியதைக் கேட்டவர் யாராவது ஒரு பக்கம் எழுதித் தந்தால் விசாரிக்கலாம் என்று சொல்லி, வட்டம் போடாத தாளோடு அனுப்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொன்னாள். பிறகு ஆரஞ்சு உரித்தபடி பக்கத்து வீட்டு நாயைப் பற்றிப் பேசினாள். கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. நானும் பேச்செடுக்கவில்லை. நான் இன்னும் மியோஷியிடம்தான் வேலை பார்க்கிறேன். ஆளை நீக்கியதாகப் பதிவானால் கம்பெனிக்கு வரும் அரசு உதவி நின்றுவிடும். சாட்சி எழுதியவளை அவர் மறக்க மாட்டார்.

வாசலில் செருப்பு மாட்டும்போது கேட்டாள்: "சயோ, உன் எழுத்து இப்பவும் கோழி கிளறின மாதிரிதானா?"

"அதைவிட மோசம்."

"பரவாயில்ல, படிக்க முடிஞ்சா போதாதா?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் என்னை எழுதச் சொல்லவே இல்லை. அப்படி ஒரு சொல் அவள் வாயிலிருந்து வரவில்லை என்று நான் சத்தியமே செய்யலாம். கோப்பைகளைக் கழுவும்போதுதான், மியோஷியும் இப்படித்தான் சத்தியம் செய்வார் என்று பட்டது. ஒருவர் பாதி சொன்னால் மற்றவர் மீதியைப் புரிந்துகொள்வதால்தான் எங்கள் ஆலை ஓடுகிறது. ஆனால் புரிந்ததை ஒப்புக்கொள்ள வேண்டிய நாள் வந்தால் எல்லோருக்கும் சொல்லின் அகராதிப் பொருள் மட்டும் நினைவுக்கு வந்துவிடுகிறது.

கேட்டதைக் கேட்டபடி எழுதினேன். செவ்வாய்க்கிழமை விடுப்பெடுத்து அவளோடு போனேன்.

தொகுரா படித்தார். "நீங்களும் 'ஓய்வு'ன்னுதானே எழுதியிருக்கீங்க?"

"ஆமாங்க. இதுக்கு முன்னாடி நாலு பேரை ஓய்வெடுக்கச் சொன்னார். ஒருத்தராவது திரும்பி வந்தாங்களான்னு அவரையே கேளுங்க."

"அந்த நாலு பேர் பேரையும் எழுதுங்க."

நான் எழுதி முடிக்கும்வரை கினுயே தன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு 'உண்டு' என்பதைச் சுற்றி முதலில் பென்சிலில் மெல்லிய வட்டம் போட்டாள். அதன்மேல் பேனாவால் அழுத்தி வரைந்தாள். அதைத் துணிச்சல் என்பேனா, தெரியவில்லை. ஆனால் மன்னிப்புக் கேட்காமல் தாளை நீட்டினாள்.

மே மாத நடுவில், விலகல் காரணம் 'கம்பெனி போகச் சொன்னது' என்று மாற்றப்பட்டதாக வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது. மியோஷி இப்போது என்னிடம் நேராகப் பேசுவதில்லை. வேறொருவர் வழியாகச் சொல்லி அனுப்புகிறார்.

பணம் வர வேண்டுமென்றால், நான்கு வாரத்துக்கு இரண்டு முறை வேலை தேடியதாக அவள் காட்ட வேண்டும். ஒரு மருத்துவமனைச் சமையலறை வேலைக்கு நேர்காணலுக்குப் போய்விட்டு வந்து என்னைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"முந்தின வேலைய ஏன் விட்டீங்கன்னு கேட்டாங்க. கம்பெனி போகச் சொல்லிடுச்சுன்னேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"டீ மட்டும் இன்னொரு தடவை ஊத்தினாங்க. அதுக்கு என்ன அர்த்தமோ?"